வெட்டிய சட்டைக் கையும் பிசின்துப்பியும்

பெயர் ஐசில்டா பின்னக், வயது 54, காலஞ்சென்ற ஈனஸ் பின்னக்கின் மனைவி, தொழில் வள்ளிக்கிழங்கு பயிரிடுதல், முகவரி ஹாக் கல்லி, கிளாரண்டன், ஜமைக்கா. ஹால்டன் என்ற வெளிநாட்டுக்காரரைக் கத்தியால் தாக்கினேன் என்ற புகார் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் கத்தி மட்டும் உண்மை.

எங்கள் ஊர்க் குகையில் வௌவால் எரு அள்ளித்தான் ஆறு குடும்பங்கள் கிழங்கு போடுகிறோம். உள்ளே ஈரச்சுவர் ஓரம், கல்லுக்கு அடியில், விரல் நீளத்தில் கண்ணே இல்லாத வெள்ளைப் புழு ஒன்று இருக்கிறது. கால்கள் குட்டையாய், நிறைய. கைவைத்தால் வெள்ளை இழையாய்ப் பசை பீய்ச்சும். அதனால் பிசின்துப்பி என்போம். அது அபூர்வமானது, ஒன்று குறைந்தாலும் குகையைப் பூட்டிவிடுவேன் என்று வனக்காவலர் லாசெல்ஸ் கிரே எச்சரித்திருந்தார். அந்த மூலையில் நாங்கள் மண்வெட்டி வைத்ததே கிடையாது.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் எரு அள்ளக் கூடையோடு உள்ளே போனபோது ஹால்டன் தோளில் பையோடு எதிரே வந்தார். "என்னய்யா பையில?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மா பாக்க வந்தேன்" என்றார். அதன் பிறகு நான் ஈரச்சுவருக்குப் போய்ப் பார்த்ததில் கல் மல்லாந்து கிடந்தது. சனிக்கிழமை நான் பார்த்த மூன்று புழுவும் இல்லை. எங்கள் ஆட்கள் கல்லைப் புரட்டினால் திருப்பி வைக்காமல் வரமாட்டார்கள். நான் திருப்பி வைத்தேன்.

அதன் பிறகு நான் ஓடிவந்து பார்த்தபோது ஹால்டன் சாலையோரக் கடையில் வனக்காவலர் கிரேக்கு ரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வனக்காவலர் சிரித்து, "மிஸ் ஐசி, நீங்களே மண்வெட்டியால நசுக்கிட்டு விருந்தாளி தலையில கட்டுறீங்களா? நாளைக்கே குகைக்குப் பூட்டுதான்" என்றார். "நான் அந்தச் சுவர்ப் பக்கமே போகலியே" என்றார் ஹால்டன்.

அப்போது அவருடைய வலது சட்டைக் கை நுனியில் வெள்ளை இழைகள் எருத்தூசியோடு காய்ந்து ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். உடனே நகத்தால் சுரண்டத் தொடங்கினார். "சுரண்டாதய்யா, கைய எடு" என்று இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. அதன் பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து, இடுப்பிலிருந்த கத்தியால் சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே சுற்றி வெட்டி எடுத்தேன். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அவர் "ஐயோ கொலைகாரி!" என்று கத்திக்கொண்டு பையோடு ஜீப்பில் ஏறிவிட்டார். வனக்காவலர் பையைத் திறக்கச் சொல்லவே இல்லை. வாயில் ரம் இருந்தது.

சட்டைக் கையைப் பால் டப்பாவில் மூடிக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். ஹால்டன் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார். அந்தப் பையைத் திறந்து பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. என்னை உட்காரவைத்து எழுதும் நேரத்தில் ஒருவரை அனுப்பியிருக்கலாம்.

ஆத்திரத்தில் வெட்டினேன் என்று இதை எழுதும் போலீஸ் கார்ப்பரல் எழுதியதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று எழுதியதையும் அடிக்கச் சொன்னேன். ஆத்திரத்தில் வெட்டியிருந்தால் சட்டைக் கையோடு அவர் கையும் டப்பாவில் இருந்திருக்கும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அடித்தவை போக மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்) ஐசில்டா பின்னக்