அம்சம் நீட்டிய விரல்

ராத்திரி பத்தரை. வலங்கைமானிலிருந்து உள்ளே போகும் வாய்க்கால்கரைப் பாதை. மார்கழிப் பனி. சைக்கிளில் ஒரே ஆள்... பின்னால் மரப்பெட்டிக்குள் கண்ணாடித் தகடுகள் கிணுகிணுவென்று ஆடுகின்றன.

அந்த ஆள் என் சிநேகிதன் துரைராசுவின் சித்தப்பா, அடைக்கலசாமி. எழுபத்து மூன்றில் நடந்தது. அவருக்கு மெட்ராஸில் யானைக்கால் நோயைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு. அந்தப் புழு ராத்திரியில்தான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். அதனால் ராத்திரியில்தான் குத்தி எடுக்க வேண்டும்.

அப்போது மிராசுதாருக்கும் கூலியாட்களுக்கும் சண்டை. இருட்டில் அந்நியன் வந்தால், போலீஸ் ஆள் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆடியில் அவர் முதல் தடவை போனபோது, அம்சம் என்ற நடவுக்காரிதான் தெருவையே கூட்டிவந்தாள்.

"நம்ம சனத்துப் புள்ள. நம்பிக் குடுங்க."

மாத்திரையோடு வருவதாகச் சித்தப்பா சத்தியம் செய்தார். அம்சத்தின் ரத்தத்தில்தான் புழு அதிகம். ஆனால் பேராசிரியர் தடுத்துவிட்டார். மாத்திரை கொடுத்தால் புழு செத்துவிடும், ஆறு மாதத்தில் எவ்வளவு பெருகுகிறது என்று பார்க்க முடியாதாம். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. பட்டம் வேண்டுமே...

அந்த மார்கழி ராத்திரி, மதகருகே சேற்றில் கனத்த காலை இழுக்கும் சத்தம். சளக்... சளக்... அம்சம்.

"வந்துட்டீங்களா தம்பி? மாத்திரை?"

"அடுத்த தடவை, அக்கா."

அவள் விரலை நீட்டினாள். குத்தினார். தகட்டில் மூன்று துளி. ரத்தம் சில்லென்றிருந்தது. அழுகிய வைக்கோல் வாடை.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் அம்சத்தின் புருஷன் ரெத்தினம் மட்டும் வெளியே வந்தான்.

"இன்னும் எதுக்கு வந்தே?"

"அம்சம் அக்கா இப்பத்தான் மதகுகிட்ட ரத்தம் குடுத்தாங்க..."

ரெத்தினம் அவரையே பார்த்தான். "அவ ஐப்பசியில செத்துட்டா. கால் அழுகி, காச்சல் வந்து... உன்ன ஏசக்கூடாதுன்னு கடைசி வரைக்கும் எங்களோட சண்டை போட்டா."

விடிந்ததும் சித்தப்பா கும்பகோணம் போய் மாத்திரை வாங்கிவந்தார். ஒருவரும் கை நீட்டவில்லை. அப்படியே திரும்பினார்.

மெட்ராஸில், நாலாம் நாள். அந்தத் தகட்டைச் சாயத்தில் முக்கி, கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சாயம் ஏறிய ரத்தத்தில் எல்லாம் செத்துத்தான் கிடக்கும். ஆயிரம் தகடு பார்த்தவர் அவர். குனிந்தார்...

புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அவர் மூச்சு கண்ணாடியில் பட்டது. நெளிவது நின்றது... எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கின.