முத்தழகின் ரங்கூன் பயணம்

— ரங்கூனுக்குங்கிறேன்! மூணு ராத்திரி, நாலு பகல் கப்பல்ல கடல் தாண்டிப் போயி, அங்க எட்டு மாசம் ராசாத்தி மாதிரி இருந்து, பர்மாக்காரப் பெருச்சாளி ஆயிரத்து எட்டை அடிச்சுப் போட்டுட்டு, டிக்கெட்டு எடுக்காமத் திரும்பி வந்திருக்கு நம்ம முத்தழகு. இந்த ஜில்லாவுலயே வேற எந்தப் பூனைக்கு இந்த யோகம் உண்டு? சொல்லு சுந்தரி!

— எனக்கு உலை கொதிக்குது. வழிய விடுங்க.

— உலை தினம் கொதிக்கும். பூனை தினம் ரங்கூன் போகுமா?

— பூனை ரங்கூன் போச்சாம், பூனை! நாளைக்கு இந்தச் சொவத்துப் பல்லி காசிக்குப் போயிட்டு வந்துச்சும்பீக. டவாலி உத்தியோகம் பாத்தப்ப பகல் பூரா கோர்ட்டுல ஊரான் பொய்யைக் கேட்டுட்டு வந்து, வீட்டுல வாயத் தொறக்காமக் கெடந்தீக. பென்சன் வாங்கி மூணு வருசமாச்சு. முப்பது வருசமாக் கேட்ட பொய்யை எல்லாம் இப்ப எந்தலையில எறக்குறீக.

— அப்பிடிச் சொல்லாத. இந்த வீரையா மூணு தடவை பேரு சொல்லிக் கூப்புடாம ஒரு சாட்சி கூண்டு ஏறுனதில்ல. பொய்யி எது, மெய்யி எதுன்னு கனம் கோர்ட்டாருக்குத் தெரியிறதுக்கு முந்தி வாசல்ல நின்ன எனக்குத் தெரியும்.

— அம்மா! வலையபட்டிக்கு வைக்கோல் ஏத்தியாச்சு. அந்தப் பூனையச் சாக்குல கட்டிக் குடுத்தீகன்னா வண்டிய விட்டுருவேன். மாடு நிக்க மாட்டேங்குது.

— இந்தா வந்துட்டேன் பெத்தா. ஐயா பேசி முடிக்கட்டும்னு பாத்தா உன் மாடு கெழடாயிரும். சாக்க எடுத்துக்கிட்டு உள்ள வா.

— சாக்கா? விசாரணை முடியாம தண்டனையா? எந்தச் சட்டத்துல இருக்கு?

— எஞ்சட்டத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை எங்கிட்டிருந்தோ வந்து நுழைஞ்சுச்சு. சனிக்கிழமை தயிர்ச்சட்டி காலி. நேத்து நெத்திலிக் கருவாடு. இன்னைக்கு விடியக்காலம் சாமிக்குன்னு எடுத்து வச்ச பால்ல மொகத்தக் கழுவியிருக்கு. நான் வெளக்கமாத்த எடுத்தா நீக அதைத் தூக்கிப் பரண்ல ஒளிச்சு வைக்கிறீக. மூணு நாளா அது வாலைத் தவிர நான் எதையும் பாக்கல.

— அதுதான் நான் சொல்றேன். நீ பாக்கவே மாட்டேங்குற. கேக்குறேன், பதில் சொல்லு. அது எங்கிட்டிருந்தோ வந்த வந்தட்டிப் பூனைன்னா?

— வலையபட்டி.

— நம்ம முத்தழகா இருந்தா?

— இருந்தா இருந்துட்டுப் போகுது. வளத்த உசிரைச் சாக்குல கட்டுறவளா நான்? ஆனா அது முத்தழகு இல்ல. இல்லவே இல்ல.

— எழுதிக்க பெத்தா! நம்ம பூனைன்னு ருசுப் பண்ணிட்டா வீட்டுல இருக்கலாம்னு எதிராளியே ஒத்துக்கிட்டா!

— எனக்கு எழுதத் தெரியாதுய்யா.

— மனசுல எழுதிக்க. இப்ப சாட்சியக் கூப்புடுறேன். கல்யாணசுந்தரி! கல்யாணசுந்தரி! கல்யாண...

— தெரு பூரா திரும்பிப் பாக்குது, வாயை மூடுங்க!

— மொத ருசு, நெறம். ஒடம்பு வெள்ளை, முதுகு கருப்பு, வாலடி செவலை. மூணும் ஒண்ணாச் சேந்தா அது பொட்டைதான். அந்த நெறத்துல கடுவன் லட்சத்துல ஒண்ணு பொறக்கும், அதையும் நான் பாத்ததில்ல. நான் பாக்காத ஒண்ணு ஒலகத்துல இருக்குமாங்கிறது வேற கேஸு.

— மூணு நெறப் பூனை பெரிய வீட்டு மீனாள் ஆச்சி ரெண்டாங்கட்டுலயே நாலு உருளுது.

— அந்த நாலும் தொப்பை. நம்மளுக்கு மூக்குக்கு இங்குட்டு கருப்பு, அங்குட்டு செவலை, நடுவுல வகிடு எடுத்தாப்புல. அதோட நெறத்துக்கு ஒரு குணம் உண்டு, கேட்டுக்க. கருப்புப் பூனை வக்கீலு, காலடிச் சத்தமே கேக்காது, உறி காலியானப்பறந்தான் தெரியும். சாம்பப் பூனை குமாஸ்தா, காயிதத்து மேலயே படுத்துத் தூங்கும். செவலை போலீசு, எந்நேரமும் பசி. வெள்ளைப் பூனை ஜமீன்தார் மக, தண்ணியில தன் மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கும். மூணு நெறமும் சேந்தா ஜட்ஜு! யாரு மடியில உக்காரணும்னு அதுதான் தீர்ப்புச் சொல்லும். அப்பீலே கெடையாது.

— கேட்டியா பெத்தா? இந்த மனுசனோட முப்பத்திரண்டு வருசம்.

— எனக்கு மாட்டு நெறந்தேன் தெரியும்மா. மயிலை, காரி, செவலை. ஐயா சொல்றது எனக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது.

— ரெண்டாவது ருசு, வைத்தியம். ஊருலகத்துப் பூனைக்கு மயிருருண்டை தொண்டையில அடைச்சா வெளக்கெண்ணெய் ஊத்த நாலு ஆளு வேணும். முத்தழகு எப்பிடி? கரண்டியக் கண்டாத் தானா வந்து வாயத் தொறக்கும். குடிச்சு முடிச்சு இன்னொரு கரண்டி கேக்கும்.

— கேக்குமா! இந்தக் கையப் பாருங்க. ஒம்போது கீறல். வெளக்கெண்ணெய் ஊத்துனது யாரு? நானு. சொறி வந்தப்ப புங்கெண்ணெய் தேச்சது யாரு? நானு. குப்பைமேனி வேரைப் புடுங்கிட்டு வந்து போட்டு, அது கிறுக்குப் புடிச்சு உருளையில புடிச்சுக் காதுல உண்ணி எடுத்தது யாரு? நீக மூக்கப் பொத்திக்கிட்டு நெலைப்படியில நின்னு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு வைத்தியம் சொன்னீக.

— மேற்பார்வைன்னு ஒண்ணு வேணாமா?

— குட்டியில ஒரு உள்ளங்கை அளவு இருந்துச்சு. பஞ்சை ஆட்டுப்பாலுல நனைச்சு நாந்தான் சப்பக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா எம்பூனைய?

— அப்ப வா. பரண்ல ஏறி ஒரே ஒரு பார்வை பாரு.

— பாக்க மாட்டேன்.

— ஏன்?

— உலை பொங்குது.

— மூணாவது ருசு, பயணம். போன ஆடியில பெரிய வீட்டுச் செட்டியார் கப்பலேறப் பொறப்பட்ட அன்னைக்குத் தெருவே கூடை குடுத்தனுப்புச்சா இல்லையா? அந்த வீட்டு மகனுக்கு அதிரசம், இந்த வீட்டு மருமகனுக்கு மாவடுன்னு பதினேழு கூடை. அதுல ஒண்ணு ரங்கூன்ல இருக்குற நம்ம மகன் மாயக்கண்ணனுக்கு நீ கட்டுன வத்தக்கூடை. முத்தழகு காணாமப் போனதும் அதே நாளு.

— அதே நாளு இல்ல. மறுநாளு.

— அதே நாளு. நான் பதினஞ்சு நாளு தேடுனேன், எனக்குத் தெரியாதா? இளையாத்தங்குடிக் கோயில் ஊரணி வரைக்கும் போயி, கரையில நின்னு "முத்தழகு, முத்தழகு"ன்னு மூணு தடவை கூப்புட்டேன். குளிச்சுக்கிட்டிருந்த பொம்பளையில ரெண்டு பேரு "என்ன"ன்னு கேட்டுட்டாக. அடி வாங்காமத் தப்பிச்சது எஞ்சாமர்த்தியம்.

— போதும், அதை எடுக்காதீக.

— கேளு. பூனை என்ன பண்ணிருக்கு? "நம்ம வீட்டுப் புள்ள அக்கரையில செட்டியார்மாரு தங்குற கிட்டங்கிச் சமையக்கட்டுல ஒத்தையில கெடக்கானே, போயிப் பாத்துட்டு வருவோம்"னு தானா முடிவு பண்ணி ஒரு கூடைக்குள்ள எறங்கி...

— அம்மா, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீக. அன்னைக்கு டேசனுக்குக் கூடை ஏத்திட்டுப் போனது என் வண்டிதேன். ஒரு கூடை வழியெல்லாம் மொனங்குச்சு. வத்தல் காய்ஞ்சா மொனங்குமாக்கும்னு நான்...

— பெத்தா! உம்மாடு அவுத்துக்கிட்டுப் போகுது பாரு!

— மாடு நிக்கிதேம்மா.

— நின்னாலும் போயிப் பாரு!

— பெத்தனை ஏன் வெரட்டுற? எஞ்சாட்சி அவன். பெத்தா, வெள்ளிக்கிழமை ஆச்சி வீட்டுக்கு ரங்கூன்லருந்து வந்த சாமான எறக்குனதும் நீதானே?

— ஆமாய்யா. பத்துத் தேக்குப் பொட்டி, மூணு பெரம்புக்கூடை. செட்டியாரு மதராஸ்லயே ஒரு கல்யாணத்துக்கு நின்னுட்டாக, சாமான் மட்டுந்தேன் வந்துச்சு. ஒரு கூடையில மூடி தெறந்து கெடந்துச்சு. உள்ள வைக்கோலும் கருவாட்டு முள்ளும்.

— பாத்தியா சுந்தரி? கருவாட்டு முள்ளு! பர்மாக் கருவாடு! கப்பல் கேப்டன் தன் கையாலயே...

— உங்களுக்கு வெளாட்டா இருக்கு! எந்நேரமும் வெளாட்டு! ஐப்பசியில வந்த கடுதாசி, அதுக்கப்புறம் ஒரு வரி உண்டா? அஞ்சு மாசம். ஆச்சி வீட்டுக்குச் சாமான் வந்துச்சுன்னதும் நான் ஓடுனேன். செட்டியாரு வந்தா எம்புள்ளையப் பாத்தீகளான்னு கேக்கலாம்னு ஓடுனேன். பொட்டி வந்துச்சு, கண்ணாடி வந்துச்சு, பீங்கான் சட்டி வந்துச்சு. எம்புள்ளையப் பத்தி ஒரு சொல்லு வரல. அங்க எலியாலதான் பிளேக்குப் பரவுதாம். போன வருசம் அவன் கால எலி கடிச்சுச்சுன்னு எழுதுனப்பவும் நீக சிரிச்சீக. நீக பூனைக்குக் கப்பல் விட்டுக்கிட்டு இருங்க!

— சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்யச் சொல்ற? ஐப்பசிக் கடுதாசியிலதான் எலித்தொல்லை இப்ப அறவே இல்லன்னு எழுதியிருந்தானே. கோழி கெளறுன மாதிரி அந்த எடக்கை எழுத்துல, "அம்மா அனுப்பிய சாமான் எல்லாம் நலமாக வந்து சேர்ந்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது"ன்னு. சுண்டைக்கா வத்தல் என்னத்தச் சாப்புடும்? கிறுக்குப்பய.

— அந்தக் கடுதாசிய நீக வாசிச்சப்ப எனக்குப் போன உசிரு வந்துச்சு. அஞ்சு மாசமா அந்த ஒரு வரியத்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.

— அழாத சுந்தரி. ஏ... அழாதங்கிறேன்ல. பெத்தன் பாக்குறான்.

— பாக்கட்டும்.

— சரி. நான் சொன்னது பொய்யி. போதுமா? ரங்கூனும் இல்ல, கப்பலும் இல்ல, கேப்டனும் இல்ல. அது முத்தழகா, முத்தழகோட ஒண்ணுவிட்ட தங்கச்சியான்னு எனக்கே நிச்சயமில்ல. இந்த வீட்டுல நம்ம ரெண்டு பேரு மூச்சுத்தான் கேக்குது. இன்னொரு உசிரு இருந்தா நல்லாருக்குமேன்னு கதை கட்டுனேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அது பின்னங்கால்ல புண்ணு. கட்டுப் போட்டிருக்கு. அந்தப் புண்ணு ஆறட்டும், அப்புறம் வலையபட்டிக்கு நானே கொண்டு போயி விடுறேன்.

— கட்டா? உங்களுக்குத்தான் வேட்டியே ஒழுங்காக் கட்ட வராதே. யாரு போட்டது?

— வாரப்பவே கட்டோடதான் வந்துச்சு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வாசமடிக்கிது. யாரோ ஈர நெஞ்சுக்காரன்.

— அதை எறக்குங்க.

— சாக்குலயா?

— கையில எறக்குங்க!

— வா முத்தழகு... வாத்தா... கோர்ட்டு கூப்புடுது... ஆங். இந்தா. பாத்து, பிராண்டப் போகுது. அட! எங்கைய விட்டுத் தாவி உம்மடியில உக்காந்துருச்சே! மூணு நாளா மீனு போட்டது நான், தீர்ப்பு உனக்கா?

— இங்குட்டு வெளிச்சத்துக்குத் திரும்பு தாயி. காலக் காட்டு. காட்டுடி... இந்தத் துணி...

— ஏதோ பழஞ்சேலைக் கிழிசல். நீலத்துல மஞ்சப்புள்ளி. சுங்குடி மாதிரி இருக்கு. முடிச்ச அவுக்கட்டா?

— தொடாதீக! முடிச்சத் தொடாதீக. எப்பிடி விழுந்திருக்கு பாருங்க, எல்லாரும் போடுறதுக்கு மாத்தி.

— மாத்தித்தான் இருக்கு. அதுக்கென்ன?

— பெத்தா, வைக்கோலை மட்டும் கொண்டு போ.

— அப்ப பூனைம்மா?

— பூனை எங்கிட்டும் போகாது. போனவரைக்கும் போதும்.

— என்ன சுந்தரி? நாந்தான் பொய்யின்னு ஒத்துக்கிட்டேனே. இன்னும் எதுக்குக் கண்ணுல தண்ணி?

— நீக சொன்னது பொய்யிதான். தானாப் போகல. எலி கடிச்சுச்சுன்னு புள்ள எழுதுனதும் எனக்கு மனசு கேக்கல. எஞ்சுங்குடிச் சேலையக் கிழிச்சு அடியில விரிச்சு, மூச்சுக்கு ஓட்டை போட்டு, பக்கத்துல கருவாட்ட வச்சு, "எம்புள்ளையப் பாத்துக்க"ன்னு சொல்லி நாந்தான் கூடைய மூடுனேன். நீக ஊரு ஊராத் தேடயில சொல்ல வாயி வரல. வாலைப் பாத்ததுமே முத்தழகுதானோன்னு தோணிருச்சு. இதுவும் அவனை விட்டுட்டு வந்துருச்சுன்னா அவன் என்ன ஆனான்னு, அந்தப் பயத்துலதான் பாக்கவே மாட்டேன்னேன். அது ரங்கூன் போனது மெய்யி, திரும்பி வந்ததும் மெய்யி. இந்தா, எஞ்சேலை. இந்தா, எடக்கை முடிச்சு. மஞ்ச வாசம் இன்னும் போகல. பத்து நாளைக்கு முந்தி, இது கப்பலேறயில, நம்ம புள்ள பூனைக்கு வைத்தியம் பாக்குற அளவுக்கு நல்லாத்தாங்க இருந்திருக்கான்.