கடற்புல்லுக்குப் பல தாய்மார்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, வியர்வையைத் துடைக்கவும் மறந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிவபாதசுந்தரம் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! காலி வீதி நெரிசலில் நெளிந்து நெளிந்து இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்து சேர்ந்த நல்ல உள்ளங்களே! பம்பலப்பிட்டியிலிருந்து பள்ளிக்கூட உடுப்போடு வந்திருக்கும் பிள்ளைச் செல்வங்களே! களப்புக் கரையில் வலையைக் காயப்போட்டுவிட்டுக் கதவோரம் கூச்சத்தோடு நிற்கும் கிளறன்ஸ் தம்பி! பிள்ளையைப் பெற்ற தாய்மார்களே, பெற்றதைப் பறிகொடுத்த தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் கொட்டாஞ்சேனை ராக்கம்மாவின் வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க தம்பி. இது எனக்கு முன்னால் பேசின வக்கீல் உயரத்துக்கு வைத்த மைக். ஆ, போதும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் தயாபரனுடைய அம்மா. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து, இடியப்பம் அவித்து அவனைப் படிக்க வைத்தவள். இன்றைக்கு இந்தச் சங்கம் ஒரு தீர்மானம் எடுக்கப் போகிறது. ஹெந்தளைக்கு அங்கால, கடலோடு சேர்ந்து கிடக்கிற உப்புத்தண்ணிக் களப்பில், வெறும் சேறாய்க் கிடக்கிற ஒரு பெரிய இடத்தில், என் மகன் நினைவாகக் கடற்புல் நடப் போகிறார்கள். நடுங்கள். நல்லா நடுங்கள். ஆனால் எந்தப் புல்லை நடுவது என்பதில் இந்தத் தாய் குறுக்கே வந்து நிற்கிறாள். அதைச் சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

என் மகன் படித்துப் படித்து டென்மார்க் வரைக்கும் போனான். எதற்குப் போனான்? டொக்டராகவா? இல்லை. இஞ்சினியராகவா? அதுவும் இல்லை. புல் நடப் போனான் ஐயா, புல் நட! சிரிக்கிறீங்க. நானும் சிரித்தேன். "ஏன்டா, பரம்பரை பரம்பரையாத் தேயிலை நட்டது போதாதா? நீ தண்ணிக்குள்ள வேற போய் நடணுமா?" என்று கேட்டேன்.

"அம்மா, அந்தப் புல்லுக்குள்ளதான் மீன் குஞ்செல்லாம் ஒளிஞ்சு வளருது. புல்லு போனா மீனும் போச்சு."

"அப்படியா? அப்ப சரி, நடு. உனக்குத்தான் மீன் இல்லாம சோறு இறங்காதே."

அந்தக் குளிர்க்கடலின் கதையை அவன் ஃபோனில் சொல்லச் சொல்ல, நான் அடுப்படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய்விடுவேன். பச்சை நாடாப் போல நீளநீளமான இலைகள். அலை வந்தால் எல்லாம் ஒருபக்கம் சாயும், அலை போனால் எல்லாம் மெல்ல நிமிரும். தண்ணீருக்குள்ளேயே அந்தப் புல் பூக்குமாம். தண்ணீருக்குள்ளே பூவா? ஆமாம், பூ! இதழ் இல்லாத பூ, வாசம் இல்லாத பூ, வண்டு வராத பூ. அதன் மகரந்தம் பொடியாய் இல்லாமல் நூலாய் இருக்குமாம். மெல்லிய மெல்லிய நூல். அது நீரோட்டத்தில் மிதந்து மிதந்து போய், எங்கேயோ நிற்கிற இன்னொரு பூவில் சுற்றிக்கொள்ளுமாம். யார் யாருக்கு உறவென்று யார் முடிச்சுப் போட்டது? தாலி கட்டியது யார்? தண்ணீர்தானே தாய்மார்களே, தண்ணீர்தானே!

ஒருநாள் வீடியோவில் ஒரு தொட்டியைக் காட்டினான். அடியில் மண்ணிறமாய் என்னமோ குவிந்து கிடந்தது.

"இது என்ன சொல்லு பாப்போம்."

"சீரகமாடா?"

"சீரகம்! உனக்கு ரசம்தான் ஞாபகம். இது புல்லு விதைம்மா. பூத்த தண்டைக் கையால பறிச்சு, கடல் தண்ணித் தொட்டியில போட்டு வச்சா, இலை அழுகிப் போகும், விதை அடியில தங்கும். அதை மணலோட சின்னச் சின்னச் சாக்குப் பையில போட்டுக் கடலடியில வச்சிருவோம்."

"ஏன்டா இவ்வளவு பாடு? ஒரு கை புல்லைப் பிடுங்கி நட்டா வராதா?"

வரும் என்றான். அந்தப் புல்லுக்குப் பெருக இரண்டு வழி உண்டாம். ஒன்று விதை. இன்னொன்று, மண்ணுக்குள்ளேயே தண்டு ஓடி, ஓடின இடமெல்லாம் முளைப்பது. அப்படி ஒரே செடி ஓடி ஓடி ஒரு மைதானத்தையே மூடிவிடுமாம். பார்த்தால் ஆயிரம் புல். உள்ளே ஒரே உயிர். "நீ கொழுந்து பறிச்ச வீ.பி. மலை மாதிரிதான்மா" என்றான்.

மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீங்களா? ஆ, பின்னால் இரண்டு கை தெரிகிறது. அப்போ உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் பழைய மலை விதைத் தேயிலை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு முகம். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று இன்றைக்குத் துளிர்க்கும், ஒன்று நாளைக்கு. வீ.பி. மலை என்பது ஒரு நல்ல தாய்ச்செடியின் கிளையை வெட்டி வெட்டி நட்டது. பாய் விரித்த மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு! ஆனால் அந்தத் தாய்க்கு ஆகாத ஒரு நோய் வந்தால் மலை முழுக்க அதே நோய்.

கொஞ்சம் பொறுங்க, ரயில் போகட்டும். வெள்ளவத்தையில் பேச வந்தால் ரயிலுக்கும் ஒரு வணக்கம் வைக்கத்தான் வேண்டும்.

போய்விட்டது. என் மகன் டென்மார்க்குப் போவதற்கு முன்னாலே அந்த ஊரில் ஒரு குடாவில் ஆட்கள் ஒரே ஒரு நல்ல இடத்துப் புல்லைக் கொண்டுவந்து நட்டார்களாம். பச்சைப் பசேலென்று வந்ததாம். பிறகொரு கோடையில் தண்ணீர் சூடேறியது. அந்தப் புல் முழுவதும் ஒன்றாய் மஞ்சளாகி, ஒன்றாய்ச் சாய்ந்து, ஒன்றாய்ப் போனது. பக்கத்திலேயே ஒரு பழைய புல்வெளி. விதை விழுந்து விழுந்து, பல தாய்க்குப் பிறந்த புல். அதிலும் செத்தது, நிறையச் செத்தது. ஆனால் அங்கொன்று இங்கொன்று சூட்டைத் தாங்கி நின்றது. நின்றது சும்மா நின்றதா? செத்த புல்லின் இடத்துக்கெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து போய் மூடியது. "அதனாலதான்மா ஊர் ஊராப் போய் விதை எடுக்கிறோம்" என்றான்.

அப்படி உறைகிற தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழும்பின பிள்ளை, லீவில் வீட்டுக்கு வந்தவன், ஒரு நுளம்புக் கடியில் போய்விட்டான். டெங்கு. அதைப் பற்றி இதற்கு மேல் பேச என்னால் முடியாது.

எங்கள் பக்கத்தில் சாம்பலை முகத்துவாரத்தில் கரைக்கிறதுதான் வழக்கம். ஆனால் அவன் லீவில் வரும்போதெல்லாம் கிளறன்ஸ் தம்பியின் வள்ளத்தில் ஏறி, களப்பில் ஒரு புல்திட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அதனால் அந்தப் புல்லுக்கு மேலேதான் அவனைக் கரைத்தோம்.

போன மாதம் சங்கத்தார் என் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் ஐயாவும் வந்தார். அவனோடு ஒன்றாகப் படித்த சுபோதினிப் பிள்ளையும் வந்தது. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, உம்மட மகனைக் கரைச்ச இடத்துப் புல்லை மட்டும்தான் எடுத்து நடப்போறம். வேற ஒண்டும் கலக்கமாட்டம். அந்த இடம் முழுக்க தயாபரன்தான். வருசத் திவசத்துக்கு முன்னம் முடிச்சுப்போடுவம்."

தாய்மார்களே, அந்த நேரம் என் வயிறு குளிர்ந்த குளிர்ச்சியை நான் எப்படிச் சொல்வேன்! கடலடி முழுக்க என் பிள்ளை! பார்க்கிற பச்சையெல்லாம் என் பிள்ளை! நான் அழுதேன், ஐயா அழுதார். சுபோதினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தது. ஊற்றிக்கொடுத்த பிளேன்டீ ஆறிப்போனது.

அவர்கள் போன பிறகு மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தேன். தண்ணீருக்குள்ளே நடக்கிறேன். மூச்சு முட்டவில்லை, சேலை நனையவில்லை. சுற்றிலும் புல். ஒவ்வொரு இலையின் நுனியிலும் என் மகன் முகம். அத்தனையும் அவனுடைய அதே முகம், அதே மூக்கு, அதே சிரிப்பு. "தயாபரா" என்று கூப்பிட்டேன். "என்னம்மா" என்று ஆயிரம் வாய் ஒரே குரலில் கேட்டது. இதில் நான் பெற்றது எது? எந்தக் கன்னத்தைத் தடவுவேன்? திகைத்து நிற்கும்போது வெதுவெதுவென்று ஒரு நீரோட்டம் காலைச் சுற்றி வந்தது. அத்தனை முகமும் ஒன்றாய்க் கண்ணை மூடியது.

எழும்பி உட்கார்ந்தேன். அடுத்தநாள் காலையிலேயே சுபோதினியைக் கூட்டிக்கொண்டு கிளறன்ஸ் தம்பியின் வள்ளத்தில் போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அந்தத் திட்டு கீழே அசைந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, தயாபரன் இருந்தா இதுக்கு என்ன சொல்லுவான்?"

அது தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னது: "சண்டை பிடிச்சிருப்பான் அம்மா. இஞ்ச உள்ள புல்லு வேற சாதி, அங்க உள்ளது வேற சாதி. ஆனா ஒரே திட்டில எடுத்து நடுற பிழை எங்கயும் பிழைதான்."

"அப்ப ஏன் பிள்ளை வீட்டுக்கு வந்தப்ப சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியும் அம்மா. ஐயாவுக்கும் சொன்னனான். உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் ஏலாமப் போச்சு."

கிளறன்ஸ் தம்பி சவள் வலிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னது: "அக்கே, எங்க ஆட்களும் கதைச்சவங்க. அந்த அம்மா பாவம், விடுங்கன்னுதான் சொன்னாங்க."

கேட்டீர்களா சபையோரே! என் மேல் வைத்த அன்பினால் ஒரு களப்பே பிழையாக நடப்படப் போகிறது! ஐயா, குனியாதீங்க. உங்களைக் குற்றம் சொல்ல நான் ஏறவில்லை. வேறு யார் ஒரு இடியப்பக்காரியின் மனதுக்காக இவ்வளவு யோசிப்பார்கள்? ஆனால் அந்த அன்பை அவிழ்த்துவிட என் ஒருத்தியால்தான் முடியும். அதனால் கேட்கிறேன். ஒரு தரம் பறிகொடுத்த பிள்ளையை, ஒரு வெயில் வருசத்தில், ஆயிரம் தரம் நான் பறிகொடுக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள், வேண்டுமா?

என்ன தம்பி, அங்கே பின்னால்? சத்தமாகச் சொல்லுங்க. "வேற இடத்துப் புல்லைக் கலந்தா அது தயாபரன்ட நினைவா இருக்குமோ?" நல்ல கேள்வி. உட்காருங்க, சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு, வேதக்கார வீடு எல்லாம் சுவரோடு சுவர். என் மகன் அவர்கள் எல்லோருடைய சட்டியிலும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தான். தனக்குப் பக்கத்தில் தானே நிற்பதற்கு அவன் ஆசைப்பட்டிருப்பானா? அவனுக்குப் பக்கத்து வீடு வேண்டும் தம்பி. சூடு தாங்குகிற பக்கத்து வீடு, சேறு தாங்குகிற பக்கத்து வீடு, அவன் விழுந்தால் அவன் இடத்தை மூட ஊர்ந்து வருகிற பக்கத்து வீடு!

ஆகவே தலைவர் ஐயா, தீர்மானத்தில் ஒரு வரியை மாற்றித் தாருங்கள். களப்பின் நாலு மூலையிலும் போய் எடுங்கள். ஆழத்தில் உள்ளதை எடுங்கள், கரையில் வெயில் குடித்ததை எடுங்கள். வேரோடு எடுக்கிறதைக் கொஞ்சமாய் எடுங்கள், விதை விழும் காலம்வரை காத்திருந்து விதையையும் எடுங்கள். சுபோதினிப் பிள்ளை காட்டுகிற இடத்தில், கிளறன்ஸ் தம்பியின் ஆட்களைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். திவசத்துக்குள் முடியாதா? முடியாமல் போகட்டும். திவசத்துக்கு நான் என் பிள்ளைக்குச் சோறு படைத்துக்கொள்கிறேன். புல் அதன் நேரத்துக்கு வரட்டும்.

என் மகன் கரைந்த திட்டில் ஒரு பிடி எடுங்கள். ஒரே ஒரு பிடி. அதை நடுவிலும் வைக்க வேண்டாம், பலகை எழுதி அடையாளமும் போட வேண்டாம். எது அவன், எது அடுத்த வீட்டுப் பிள்ளை என்று எனக்கே தெரியாத மாதிரி நடுங்கள். அப்போதுதான் ஐயா, அந்தக் களப்பில் அசைகிற ஒவ்வொரு இலையையும் பார்த்து, இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஐயா கையைத் தூக்குகிறார். சுபோதினி தூக்குகிறது. கதவோரத்தில் கிளறன்ஸ் தம்பி இரண்டு கையையும் தூக்குகிறது! போதும், போதும், கண்ணைத் துடைத்துவிட்டுத் தூக்குங்கள்.

என் வார்த்தைக்குக் காது தந்தவர்களுக்கும், மைக்கை இறக்கித் தந்த தம்பிக்கும், என் மகனைத் தங்கள் மகனாய் நினைத்த எல்லோருக்கும் இந்தத் தாயின் நன்றி. இனி அவன் தனியாக இல்லை. வருகிறேன், வணக்கம்.