கை படாத விதை

அருப்புக்கோட்டை உரக்கடையில் யூரியாவுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, தோளில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் விதை தூவும் மெஷினைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டார்.

“தம்பி, இதுல வெதை என் கையில படாம விழுகும்ல?”

“எல்லாரும் கை வலிக்குமான்னுதான் கேப்பாக. நீங்க என்னக்கா இப்பிடிக் கேக்குறீக?”

“வீட்டுக்காரவுக செத்து ரெண்டு வருசமாச்சு. தாலி அறுத்தவ மொதக் கை வெதை போடக் கூடாதுங்கிறாக ஊர்ல. போன வருசம் கொழுந்தன் பொண்டாட்டி வந்து போட்டா. இப்ப அவளோட பேச்சுவார்த்தை இல்ல. உழுது போட்ட காட்டுல ஈரம் காயுது.”

“கைப்பிடிய நீங்கதானக்கா சுத்தணும்?”

“சுத்துறதுதான் நானு. தூவுறது மிசினு.”

“பெட்டிக்குள்ள வெதைய யாரு கொட்டுவா?”

அந்த அம்மா பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“சொளகு கொட்டும்,” என்று முறத்தைச் சாய்ப்பதுபோல் கையைச் சாய்த்துக் காட்டினார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மாவும் சிரித்தார்.

“அப்பப் பெருசா எடுத்துக்கங்கக்கா. பத்து கிலோ பிடிக்கும். வேலை வெரசா முடியும்.”

பெரியதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“சிறுசே குடுப்பா. வெதைய நெறச்சுட்டா இதத் தோள்ல ஏத்திவிட இன்னொரு ஆளு வேணும்.”