இடது பக்கக் கதவு

வடக்குத்து நிறுத்தத்தில் பேருந்து ஏறிய தாயும் மகளும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மகள் ஹாஸ்டலில் இருக்கும் தோழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாம இருந்த கம்பெனி குவார்ட்டர்ஸ்னா எந்த டைப்புன்னு சொன்னா போதும், எல்லாம் ஒரே மாதிரி, சமையல்கட்டு எங்கன்னு அவளுக்கே தெரியும். இப்ப வந்திருக்கற இந்த வாடகை வூட்ட எப்பிடிம்மா எழுதறது?"

"வாசல்ல ரெண்டு கதவு. வலது பக்கம் நாம, இடது பக்கம் ஹவுஸ் ஓனருன்னு எழுது."

"எழுதிட்டேன். அப்பா பழைய குவார்ட்டர்ஸ் ஞாபகத்துல இடது பக்கம் நுழைஞ்சி, அவங்க சோபாவுல படுத்துக்கினு டீ கேட்டதையும் எழுதிட்டேன்."

"அத அடிச்சிடுடி, மானம் போவுது." சொல்லும்போதே தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதே நிறுத்தத்தில் ஏறி எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் மகளின் தோளைத் தட்டினார்.

"டீ நல்லா இருந்துச்சின்னும் எழுதும்மா. நேத்தும் போனேன்."