அலமாரி அத்தியாயம்

எனக்கு நகைச்சுவை இயல்பாக வராது. எழுதி, அடித்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் ஒரு வரியைத் தேற்றுவேன். அப்பாவைப் பற்றிய புத்தகத்துக்கு மூன்று வருடம் பிடித்தது.

அப்பா பஸ் ஓட்டினார். வீட்டில் அடிப்பார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எங்களுக்கு நிலவரம் தெரிந்துவிடும். "இரண்டும் மெதுவாக விழுந்தால் வானம் தெளிவு. ஒன்று சுவரில் மோதினால் இடியுடன் கூடிய மழை" என்று எழுதினேன். அழுதுகொண்டே எழுதினால் பத்துப் பக்கத்துக்கு மேல் யாரும் கூட வரமாட்டார்கள். சிரிக்கவைத்தால் கடைசிவரை வருவார்கள். இதில் தப்பு ஒன்றுமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தது அலமாரி அத்தியாயத்துக்கு. எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு எட்டு. அப்பாவின் ரேடியோ உடைந்து கிடக்கிறது. நான் கட்டிலுக்கடியில். அவள் அலமாரிக்குள், பாச்சை உருண்டைகளுக்கு நடுவில். அப்பா வீடு முழுக்கத் தேடி அலுத்துத் திரும்பும் நேரம் பார்த்து அவள் தும்முகிறாள். மூன்று தும்மல். மூன்றாவதில் அலமாரிக் கதவு தானே திறந்துகொள்கிறது.

அன்று விழுந்த அறையில் அவளுடைய இடது காது போனது. அதையும் விடவில்லை. "ஒரு காதில் வாங்கி மறு காதில் விட முடியாத ஒரே ஆள் என் தங்கை" என்று எழுதினேன்.

அவள் தும்மவில்லை.

ரேடியோவைத் தள்ளிவிட்டது நான். அப்பா வரும் சத்தம் கேட்டதும், கண்ணாமூச்சி விளையாடலாம் என்று சொல்லி அவளை அலமாரிக்குள் அனுப்பியதும் நான். "யாருடி உடைச்சது?" என்று அப்பா கேட்டார். நான் அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டினேன். உள்ளே அவள் மூச்சுவிடாமல் நின்றிருந்தாள். விளையாட்டில் அவள் எப்போதுமே நேர்மையானவள். அப்பா அன்று என்னைத் தொடவே இல்லை.

உள்ளபடியும் எழுதிப் பார்த்தேன். நாலு தடவை. படித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. தும்மலைச் சேர்த்ததும் அத்தியாயம் எழுந்து நின்றது.

வெளியீட்டு விழாவுக்குத் தங்கை வந்திருந்தாள். வலது காது மேடைப் பக்கம் இருக்கும்படி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அத்தியாயத்தைத்தான் படித்தேன். அரங்கமே சிரித்தது. பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, அவளும் சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கதவு இடுக்கு வழியா நீ கைய நீட்டினதப் பார்த்த மாதிரியே எனக்கு ஒரு ஞாபகம். முப்பது வருஷமா அதையே நெனச்சுட்டிருந்தேன். உன் வீட்டுக்கு நான் அதிகம் வராததும் அதனாலதான். புத்தகத்தைப் படிச்சப்புறம்தான் நான் தும்மினது தெரிஞ்சுது. எட்டு வயசுல என்ன பெரிய ஞாபகம் இருந்துடப் போகுது? உன்னைப் போய்த் தப்பா நெனச்சுட்டேன்க்கா. மன்னிச்சிரு."

அழுதாள். சொல்வது தெளிவாகக் கேட்கட்டும் என்று அவளுடைய வலது காதருகே குனிந்தேன்.

"விடுடி. நான் அதை மனசுலயே வெச்சுக்கல" என்றேன்.

அவள் மனசு லேசாகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.