கழற்சிக் கொடிக்கு மாலை எங்கே?

இன்று மார்ச் பதினான்கு, மாலை ஆறு மணி பத்து நிமிடம். அரங்கில் நூற்றிருபது பேர். என் அத்தானுக்கு மாலை விழுந்தபோது கைதட்டியவர்கள் நூற்றுப் பத்தொன்பது.

அவையை ஆளும் தலைமை மருத்துவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, மருமகனைக் கண்டதும் பெற்ற மகனை மறந்த என் அன்னை உள்ளிட்ட தாய்மார்களே, வணக்கம்!

திருடனைத் தடுத்த வேலிக்காக அத்தானை வாழ்த்தத்தான் அழைத்தீர்கள். வாழ்த்துகிறேன், ஆனால் யாரை? கழற்சிக் கொடியை! கொக்கி முள்ளால் கள்வனைத் தடுத்தது எது? கொடி! காய்ச்சலுக்கு நாட்டு வைத்தியர் மிளகோடு அரைத்துக் கொடுக்கும் கசப்புப் பருப்பு எதனுடையது? கொடியினுடையது! விளக்கெண்ணெயில் வதக்கி வீக்கத்துக்குக் கட்டும் இலை எதனுடையது? அதே கொடியினுடையது! மாலைக்குக் கழுத்தை நீட்டியது மட்டும் மருந்தாளுநராகிய என் அத்தான்!

"பொறாமையா தம்பி?" என்கிறார் முன்வரிசைப் பெரியவர். ஆமாம் ஐயா, வயிறு எரிகிறது. அதற்கும் இந்தக் கொடியில் மருந்து உண்டா?

மின்பொறியியல் படித்த நான், மருத்துவமனையின் பின்புறம் சென்சார் வேலி போட்டேன். பூனை நடந்தால் அலறியது. இலை உதிர்ந்தால் அலறியது. நோயாளிகள் தூங்கவில்லை என்று நீங்களே அணைத்தீர்கள். அத்தான் அங்கே ஒரு கைப்பிடி கழற்சி விதை ஊன்றினார். இரண்டே மழைக்காலம், முள் சுவராய் எழுந்தது. ஜெனரேட்டர் டீசல் திருட வந்தவன், சட்டையை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு ஓடினான். ஓடியவன் காலையில் களிம்பு கேட்டு வந்தது யாரிடம்? அத்தானிடமே!

"எங்கப்பா இப்படிக் கிழிச்சுக்கிட்டே?"

"உங்க பின்பக்க வேலியிலதான் சார்."

அன்றிலிருந்து அம்மா, "அவரு செடிக்குக் கரண்டும் வேணாம், பேட்டரியும் வேணாம். நீயும் இருக்கியே!" என்கிறார். சோறு இறங்குமா எனக்கு?

இன்று மருத்துவமனையின் புதிய கிளைக்கான வேலியையும் அத்தானிடமே கொடுக்கப்போகிறீர்கள். பொறுங்கள்! கொடி தானாக நிற்குமா? அது பற்றியது எதை? படர்ந்தது எதில்? ஆளுயரம் ஏறியது யாருடைய இரும்புக் கம்பங்களில்? நீங்கள் அணைத்துப் போட்ட என் வேலியின் கம்பங்களில்! அவை இல்லையேல் முள் தரையோடு கிடந்திருக்கும்; திருடன் தாண்டிக் குதித்திருப்பான்!

சிரிக்காதீர்கள் அத்தான், உண்மையா இல்லையா? தலையாட்டிவிட்டார்! தலைவரே, பார்த்தீர்கள் அல்லவா?

என் எரிச்சலையும் பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி, வணக்கம். இறங்கியதும் நான் செய்யப்போவது:

1. புதிய கிளைக்குக் கம்பம் நடும் பொறுப்பைத் தலைவரிடம் கேட்டு வாங்குவேன்.
2. விதை ஊன்ற மட்டும் அத்தானை அழைப்பேன்.
3. அது முளைத்து என் கம்பத்தை மறைப்பதற்குள், வெறுங்கம்பத்தின் அருகே அம்மாவை நிறுத்திப் படம் எடுப்பேன்.